உழைப்போர் உடல்வலியும் இயன்முறைச் சிகிச்சையும்

பெங்களூரில் அல்சூருக்கு அருகே அமைந்துள்ள மர்பி டவுன், முன்னாளில் நாக்ஸ்பேட்டை என வழங்கிய பகுதியாகும். 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் பெங்களூரில் கண்டோன்மெண்டை நிறுவிய பின்னர், அதன் தேவைகளை நிறைவேற்றும் பொருட்டுத் தமிழ் மாவட்டங்களிலிருந்து தொழிலாளரும் கைவினைஞரும் வந்து குடியேறினர். அவர்தம் வழித்தோன்றல்கள் வாழும் குடியிருப்புகளுள் மர்பி டவுனும் ஒன்று. கட்டட வேலை, நகர்த் துப்புரவு, தையல், ஆட்டோ ஓட்டுதல், பிறர் வீடுகளில் பாத்திரம் துலக்கித் துணி துவைத்தல் ஆகிய தொழில்களால் வாழ்வோர் இத்தகைய குடியிருப்புகளில் மிகுதி. இவர்களுக்கு உடலே மூலதனம். இடுப்புப் பிடித்துக்கொண்டால் அன்றைய கூலி போயிற்று. முழங்கால் மடங்காவிடில் சாரத்தில் ஏற இயலாது. தோள் உயராவிடில் உயரத்திலுள்ள பாத்திரத்தை எடுக்க இயலாது.

இவ்வாறு தோன்றும் வலிகளுள் பெரும்பாலானவை உயிருக்கு ஊறு செய்வன அல்ல. ஆயினும், வலி தோன்றிய முதற் சில வாரங்களில் நோயாளி என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தே, அவர் மீண்டும் வேலைக்குச் செல்வாரா, பிறர் கையை எதிர்பார்த்து வாழ்வாரா என்பது பல வேளைகளில் அமைகின்றது. அவ்வாரங்களில் அவ்வீட்டு வாயிலுக்குச் செல்பவர் பெரும்பாலும் மருத்துவர் அல்லர், களப்பணியாளரே. அவரிடம் குறைகூறிப் புலம்புபவர், பள்ளிப் பிள்ளையின் தாயாராகவும் இருக்கக்கூடும். ஆகவே, பொதுமக்கள் பிசியோதெரபி என்று வழங்கும் இயன்முறைச் சிகிச்சை எவ்வாறு பயன்படுகின்றது, எங்கே அது பயன்படாது என்பவற்றைக் களப்பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் நலம்.

வலி என்பது யாது?

உடலின் ஒரு பகுதி கேடுற்றால் அங்கிருந்து நரம்புகள் வழியாகச் செய்தி தண்டுவடத்தை அடைந்து, அங்கிருந்து மூளைக்குச் செல்கின்றது. மூளை அச்செய்தியைப் பிற செய்திகளோடும், முன் அனுபவத்தோடும், அச்சத்தோடும் ஒப்புநோக்கிய பின்னரே வலி என்னும் உணர்ச்சி உண்டாகின்றது. ஆகவே, வலியின் அளவும் கேட்டின் அளவும் எப்பொழுதும் ஒன்றாயிருப்பதில்லை. சிறிய முள் குத்தினாலும் பெருவலி உண்டாகலாம். போர்க்களத்தில் பெரும் புண்பட்டவன் அதனை உடனே உணராமலும் இருக்கலாம்.

புதிதாகத் தோன்றிய வலி ஒரு காவற்காரனைப் போன்றது. சுளுக்கிய காலை ஊன்றவிடாமல் தடுத்து, இழை கூடுவதற்கு அது காலம் தருகின்றது. ஆனால், இழை கூடிய பின்னரும் சிலருக்கு நரம்பு மண்டலம் தன் எச்சரிக்கையைத் தளர்த்துவதில்லை. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை நாட்பட்ட வலி என்பர். இந்நிலையில், ‘வலித்தால் அசைக்காதே’ என்னும் அறிவுரை நன்மையினும் தீமையே மிகுதியாகச் செய்கின்றது. அசைவு பாதுகாப்பானது என்பதை நரம்பு மண்டலம் சிறிது சிறிதாக மீண்டும் கற்றல் வேண்டும். அவ்வாறு கற்பித்தல் இயன்முறைச் சிகிச்சையின் முக்கியமான பணிகளுள் ஒன்று.

ஓய்வினால் வரும் கேடு

தசை, பயன்படுத்தினால் வளர்வது, பயன்படுத்தாவிடில் தேய்வது. மாவுக்கட்டுப் பிரித்த காலைப் பார்த்தவர்கள், அதன் தொடையும் கெண்டைச் சதையும் எவ்வளவு மெலிந்துவிடுகின்றன என்பதை அறிவர். நோயற்ற முதியோர் சிலரைப் பத்து நாட்கள் படுக்கையிலேயே இருத்தி அமெரிக்காவில் நடத்தப்பெற்று, 2007-இல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சி ஒன்றில், அவர்களுடைய கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசைத்திசு குறைந்ததாகக் கண்டனர். நோயற்றவர்க்கே இக்கதி எனில், நோயுற்ற முதியவரைக் ‘கட்டிலை விட்டு இறங்க வேண்டாம்’ எனக் கட்டாயப்படுத்துவதன் விளைவைச் சொல்ல வேண்டுவதில்லை.

மூட்டின் நிலையும் அத்தகையதே. எலும்பின் முனைகளைப் போர்த்தியுள்ள குருத்தெலும்பிற்கு இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டினுள் சுரக்கும் நீரிலிருந்தே அது தன் உணவைப் பெறுகின்றது. கடற்பஞ்சை அழுத்தி விடுவித்தால் நீர் வெளியேறி மீண்டும் உட்புகுதல் போல, நடக்கும்பொழுது மூட்டு அழுந்தியும் தளர்ந்தும் இயங்குவதால் இந்நீர் குருத்தெலும்பினுள் ஊடுருவுகின்றது. அசையா மூட்டில் இப்போக்குவரத்து குன்றுகின்றது. மூட்டைச் சுற்றியுள்ள உறையும் சுருங்கி இறுகுகின்றது.

இவற்றினின்று ஒரு தீய வட்டம் தோன்றுவதைக் காணலாம். வலியால் அசைவு குறைகின்றது. அசைவு குறைவதால் தசை தளர்ந்து மூட்டு இறுகுகின்றது. அதனால் சிறிய வேலையும் பெருஞ்சுமையாகி வலி மிகுகின்றது. மருந்து இவ்வட்டத்தைச் சிறிது நேரம் நிறுத்தலாம். அதனை எதிர்த்திசையில் சுழற்றவல்லது அளவறிந்த இயக்கமே.

இடுப்பு வலி

உலகில் மக்களை முடக்கும் காரணங்களுள் இடுப்பு வலி முதன்மையானது. 2020-ஆம் ஆண்டில் 61 கோடியே 90 இலட்சம் மக்கள் இதனால் வருந்தினர் என்று உலகளாவிய மதிப்பீடு ஒன்று கூறுகின்றது. இவர்களுள் மிகப் பெரும்பாலோர்க்கு, வலிக்கு இன்ன இழையே காரணம் என்று சுட்டத்தக்க தனி நோய் எதுவும் இராது.

நம் மக்கள் இதனை ‘வாயுப் பிடிப்பு’ என்பர்; ஸ்கேன் எடுத்துப் பார்த்த பின்னரோ ‘டிஸ்க் விலகிவிட்டது’, ‘எலும்பு தேய்ந்துவிட்டது’ என்று அஞ்சுவர். இவ்வச்சத்தைத் தணிக்க ஓர் உண்மையை எடுத்துரைத்தல் வேண்டும். வலியே இல்லாத 3,000-க்கும் மேற்பட்டோரின் முதுகெலும்புப் படங்களைப் பற்றிய ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2015-இல் வெளியிட்டனர். அதன்படி, இருபது வயதினருள் 37 சதவீதத்தினர்க்கும், எண்பது வயதினருள் 96 சதவீதத்தினர்க்கும் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டுகளில் தேய்மானம் காணப்பட்டது. தலைமயிர் நரைத்தலைப் போல இதுவும் பெரும்பாலும் வயதின் அடையாளமே. படத்தில் தேய்மானம் தெரிகிறது என்பதனாலேயே முதுகு உடைந்துபோயிற்று எனக் கருதலாகாது.

புதிதாக இடுப்பு பிடித்துக்கொண்டவர் என் செய்ய வேண்டும்? பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர் 186 பேரைக்கொண்டு நடத்திய சோதனையின் முடிவு 1995-இல் வெளியாயிற்று. அவர்களுள் ஒரு பகுதியினரை இரண்டு நாட்கள் படுத்திருக்கச் செய்தனர். இன்னொரு பகுதியினர்க்கு முதுகுப் பயிற்சிகள் கற்பித்தனர். மூன்றாம் பகுதியினரை, வலி இடங்கொடுக்கும் அளவிற்கு வழக்கமான வேலைகளைச் செய்துவருமாறு கூறினர். விரைவில் தேறியவர்கள் மூன்றாம் பகுதியினரே. படுத்திருந்தவர்கள் மிகத் தாமதமாகத் தேறினர். இதிலிருந்து பெறப்படும் படிப்பினை இரண்டு. முதலாவது, இடுப்பு வலிக்குப் படுக்கை மருந்தன்று. இரண்டாவது, வலி கடுமையாயிருக்கும் முதல் நாட்களில் தனிப்பயிற்சிகளுக்கும் அவசரமில்லை. எழுந்து நடமாடுதலே போதும். பயிற்சியின் முழுப் பயன் வலி நீடிக்கும்பொழுதே புலனாகும்.

நாட்பட்ட இடுப்பு வலிக்கான நெறிமுறைகளை உலகச் சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்டது. நோயைப் பற்றிய விளக்கம், ஒழுங்குபடுத்திய உடற்பயிற்சி, கைம்முறைச் சிகிச்சைகள் சில, மனவியல் முறைகள் ஆகியவற்றை அது ஏற்கின்றது. இடுப்புப் பெல்ட், எடைகட்டி இழுத்தல், மின்தூண்டல், கேளா ஒலியலைச் சிகிச்சை ஆகியவற்றை வழக்கமாகத் தருதல் வேண்டாவென்று கூறுகின்றது. பல நாட்கள் கருவிகளின் கீழ்ப் படுத்துப் பணம் செலவிட்டுவரும் ஏழை நோயாளிகள் இதனை அறிதல் அவசியம்.

சுமை தூக்கும் முறையைப் பற்றியும் சிறிது கூறுவோம். முதுகுத் தசைகள், முள்ளெலும்பு மூட்டின் நடுவிலிருந்து ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் பின்னால் இழுக்கின்றன. பன்னிரண்டு கிலோ எடையுள்ள நீர்க்குடத்தை உடலிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால், நெம்புகோல் விதிப்படி, அதனைத் தாங்க முதுகுத் தசைகள் 12-ஐ 40-ஆல் பெருக்கி 5-ஆல் வகுத்த அளவு, அதாவது 96 கிலோ எடைக்கு ஈடான விசையுடன் இழுத்தல் வேண்டும். அதே குடத்தை 20 சென்டிமீட்டர் தொலைவில் அணைத்துப் பிடித்தால் 48 கிலோவிற்கு ஈடான விசையே போதும். குடத்தை இடுப்பில் வைத்துச் சுமக்கும் வழக்கத்தின் அறிவு இதுவே. ஆயினும், சுமை தூக்கும் முறையைக் கற்பிப்பதனால் மட்டும் இடுப்பு வலி வராமல் தடுக்கலாம் என்பதற்கு ஆராய்ச்சிச் சான்று இல்லை. சுமையின் அளவைக் குறைத்தல், இருவர் சேர்ந்து தூக்குதல், இடையிடையே ஓய்வு தருதல் ஆகியன வேலை தருவோரின் கடமைகள். அவற்றைத் தொழிலாளியின் குனியும் முறைமேல் சுமத்திவிடலாகாது.

முழங்கால் வலி

நடுவயதிற்குப் பின் தோன்றும் முழங்கால் வலிக்குப் பெரும்பாலும் மூட்டுத் தேய்வே காரணம். ‘தேய்ந்த மூட்டை மேலும் நடந்து தேய்ப்பதா?’ என நோயாளிகள் வினவுவர். மூட்டு உயிருள்ள பொருளாதலால், வண்டிச் சக்கரத்தின் அச்சோடு அதனை ஒப்பிடுதல் பொருந்தாது. தொடையின் முன்புறத் தசை வலுவாயிருந்தால், அடி வைக்கும்பொழுது உண்டாகும் அதிர்வை அது ஏற்றுக்கொண்டு மூட்டைக் காக்கின்றது. மேலும், உடல் எடை மிக்கவர் ஒரு கிலோ குறைத்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேல் விழும் சுமை நான்கு கிலோ அளவிற்குக் குறைவதாக 2005-இல் வெளியான ஆராய்ச்சி கணக்கிட்டது.

அமெரிக்கப் படைத்துறை மருத்துவமனைகளில் 156 நோயாளிகளைக்கொண்டு நடத்தி 2020-இல் வெளியிடப்பெற்ற சோதனையில், மூட்டினுள் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டவர்களைவிட, இயன்முறைச் சிகிச்சை பெற்றவர்கள் ஓராண்டின் முடிவில் குறைந்த வலியும் மிகுந்த இயக்கத் திறனும் உடையவராயிருந்தனர்.

இதற்கான பயிற்சிகள் எளியன. உறுதியான நாற்காலியில் அமர்ந்து, இயன்றவரை கைகளை ஊன்றாமல் எழுந்து மெல்ல அமர்தல். காலை நீட்டித் தொடைத் தசையை இறுக்கி ஐந்து எண்ணும்வரை நிறுத்துதல். சமநிலத்தில் நாள்தோறும் நடத்தல் ஆகியன போதுமானவை. பயிற்சியின்போது சிறிது வலித்தல் தீங்கன்று. அவ்வலி மறுநாட்காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பினால் அளவு சரி. மறுநாளும் மிகுந்து நின்றாலோ மூட்டு வீங்கினாலோ அளவைக் குறைத்தல் வேண்டும். முதற் சில வாரங்களில் வலிமை கூடுவது நரம்புகள் தசையை நன்கு ஏவப் பழகுவதாலேயே. தசைநார்கள் பருப்பதற்கு மேலும் காலம் வேண்டும். ஆகவே, எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் பொறுத்தல் இன்றியமையாதது. பத்து நாட்களில் கைவிட்டு ‘பலனில்லை’ என்பவர், விதைத்த மறுநாள் களத்திற்குச் செல்பவரை ஒப்பர்.

உறைந்த தோள்

நாற்பது முதல் அறுபது வயதிற்குட்பட்டோரில் சிலருக்கு, குறிப்பிட்ட அடிபடாமலே தோள் வலிக்கத் தொடங்கி, பின்னர்க் கையை உயர்த்தவும் முதுகுப்புறம் கொண்டுசெல்லவும் இயலாதவாறு இறுகிவிடும். மூட்டின் உறை அழற்சியுற்றுச் சுருங்குவதே இதன் காரணம். நீரிழிவு உடையோரை இது மிகுதியாகப் பற்றுகின்றது. எனவே, தோள் இறுகிய ஒருவருக்குச் சர்க்கரைப் பரிசோதனை செய்யுமாறு கூறுதல் களப்பணியாளரின் கடமையாகும்.

இந்நோய் வலிமிகும் காலம், இறுகும் காலம், தளரும் காலம் என மூன்று நிலைகளைக் கடந்து, ஓராண்டு முதல் மூன்றாண்டு வரையில் நீடிக்கக்கூடும். வலி மிக்க முதல் நிலையில் தோளை வலிந்து முறுக்கி இழுத்தல் தீங்கு பயக்கும். அக்காலத்தில் முன்னே குனிந்து கையைத் தொங்கவிட்டு ஊசல்போல் அசைத்தலே தகும். வலி தணிந்த பின், சுவரில் விரல்களால் படிப்படியாக ஏறுதல், துண்டின் இரு முனைகளையும் முதுகின் பின்னால் பற்றி இழுத்தல் ஆகியவற்றைச் செய்யலாம்.

வெந்நீர் ஒற்றடம் வலியைத் தணித்துப் பயிற்சிக்கு உதவும். ஆனால், நீரிழிவினால் உணர்ச்சி குன்றியவர்க்குச் சூடு தெரியாதாகையால், ஒற்றடம் தருபவர் முதலில் தம் கையில் வைத்துப் பார்த்தல் வேண்டும். உணர்ச்சி அற்ற பாதங்களில் ஒற்றடமே கூடாது. கவனக்குறைவால் நேரும் தீப்புண் ஆறாப் புண்ணாக முடியும்.

பக்கவாதத்திற்குப் பின்

மூளையின் ஒரு பகுதிக்கு இரத்த ஓட்டம் தடைப்பட்டோ, குழாய் வெடித்தோ உண்டாவது பக்கவாதம். அழிந்த நரம்பணுக்கள் பெரும்பாலும் மீள்வதில்லை. எனினும், எஞ்சிய நரம்பணுக்கள் புதிய தொடர்புகளை ஏற்படுத்திக்கொண்டு, இழந்த வேலைகளில் சிலவற்றை ஏற்கவல்லவை. அவ்வேலையை மீண்டும் மீண்டும் செய்தலாலேயே இத்தொடர்புகள் உறுதிப்படுகின்றன. இம்மாற்றம் முதல் மூன்று மாதங்களில் விரைவாகவும், அதன்பின் மெதுவாகவும் நிகழும். ஆதலால், நோயாளி மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியதும் சிகிச்சை முடிந்ததென எண்ணுதல் பெரும் இழப்பிற்குக் காரணமாகும்.

சிகிச்சையாளர் போதாத நம் நாட்டில், குடும்பத்தினர்க்கே பயிற்சியளித்து அவரைக்கொண்டு சிகிச்சையை நடத்தலாகாதா என்னும் வினா இயல்பாக எழும். இதனை ஆராய இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளைக்கொண்டு சோதனை நடத்தி, 2017-இல் முடிவை வெளியிட்டனர். குடும்பத்தினர் பயிற்சி பெற்ற பிரிவிலும், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற பிரிவிலும், ஆறு மாதங்களின் முடிவில் இறந்தோரும் பிறரைச் சார்ந்து வாழ்வோரும் சேர்ந்து 47 சதவீதத்தினராகவே இருந்தனர். குடும்பத்தின் அன்பு இன்றியமையாதது. ஆயினும் சிறிது காலப் பயிற்சி பெற்ற உறவினர், தேர்ந்த சிகிச்சையாளருக்கு ஈடாகார் என்பதையே இம்முடிவு உணர்த்துகின்றது. களப்பணியாளரும் தம்மைச் சிகிச்சையாளராகக் கருதாமல், நோயாளியைச் சிகிச்சையாளரிடம் சேர்ப்பிக்கும் பாலமாகக் கருதுதல் வேண்டும்.

குடும்பத்தினர் தவறாது பின்பற்றத்தக்க விதி ஒன்றுண்டு. செயலிழந்த கையைப் பற்றியிழுத்து நோயாளியை எழுப்புதல் கூடாது. தளர்ந்த தசைகளால் காக்கப்படாத தோள்மூட்டு அதனால் நழுவித் தீரா வலியைத் தரும். அக்கையைத் தலையணையில் தாங்கி வைத்து, முதுகிலும் இடுப்பிலும் கைகொடுத்தே எழுப்புதல் வேண்டும்.

சிகிச்சையாளர் செய்வது என்ன?

பிசியோதெரபி என்றால் மின்கருவி வைத்தல் அல்லது உருவிவிடுதல் என்று பலர் கருதுகின்றனர். உண்மையில், அதன் முதற்பகுதி பரிசோதனையாகும். மூட்டு எத்தனை பாகை மடங்குகின்றது என்பதைக் கோணமானியால் அளப்பர். தசையின் வலிமையைச் சுழி முதல் ஐந்து வரை மதிப்பிடுவர். நடை, சமநிலை, உணர்ச்சி ஆகியவற்றை ஆராய்வர். நோயாளியின் தொழில் யாது, வீட்டில் எத்தனை படிகள், கழிப்பறை எவ்வகையினது என்றும் கேட்டறிவர். இதன்பின் ஒரு குறிக்கோளை வகுப்பர். ‘வலி குறைய வேண்டும்’ என்பது தெளிவற்ற குறிக்கோள். ‘ஆறு வாரங்களில் இரண்டு மாடிப் படிகள் ஏறிப் பழைய வேலைக்குச் செல்ல வேண்டும்’ என்பது அளக்கத்தக்க குறிக்கோள். கைம்முறைச் சிகிச்சை, ஒற்றடம் முதலியன பயிற்சிக்கு வழி திறப்பனவேயன்றிப் பயிற்சிக்கு மாற்று ஆகா.

எலும்பு முறிவிற்குப் பின்னும் இவர்களது உதவி தேவை. நாட்டு வைத்தியர் போட்ட கட்டாயினும், மருத்துவமனை மாவுக்கட்டாயினும், கட்டிற்கு வெளியேயுள்ள விரல்களையும் அடுத்த மூட்டுகளையும் முதல் நாளிலிருந்தே மருத்துவர் கூறியவாறு அசைத்துவருதல் நன்று. கட்டிய பின் விரல்கள் வீங்கி நீலம் பாரித்தாலோ, மரத்துப்போனாலோ, தாங்கொணா வலி கண்டாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சில மணி நேரத் தாமதமும் கையைப் பாழாக்கிவிடக்கூடும்.

இக்கலை வளர்ந்த வகை

1813-இல் ஸ்டாக்ஹோம் நகரில் பேர் ஹென்ரிக் லிங் நிறுவிய உடற்பயிற்சிக் கழகத்தை இத்துறையின் தொடக்கங்களுள் ஒன்றாகக் கூறுவர். 1894-இல் இங்கிலாந்தில் செவிலியர் நால்வர் சேர்ந்து இதற்கெனச் சங்கம் அமைத்தனர். இந்தியாவில், இளம்பிள்ளை வாதத்தால் கால் முடங்கிய குழந்தைகளுக்குச் சிகிச்சையாளர் தேவைப்பட்டமையால், 1952-இல் பம்பாயில் முதற் பயிற்சிப் பள்ளி தோன்றிற்று. நம் நாட்டில் அந்நோயின் இறுதி நிகழ்ச்சி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹௌரா மாவட்டத்தில் கண்டறியப்பட்டது. 2014 மார்ச் 27-இல் அந்நோய் நீங்கியதாகச் சான்று அளிக்கப்பட்டது. அந்நோய்க்கென வளர்ந்த கலை இன்று பக்கவாதத்திற்கும் விபத்திற்கும் மூட்டுவலிக்கும் பயன்படுகின்றது.

மர்பி டவுன் மக்கள் இரயிலேறிக் காட்பாடியில் இறங்கிச் செல்லத்தக்க தொலைவிலுள்ள வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு இவ்வரலாற்றில் தனியிடம் உண்டு. தொழுநோயால் மடங்கிய விரல்களை, நற்றசையின் நாணை இடம் மாற்றித் தைத்து நிமிர்த்தும் அறுவைமுறையை டாக்டர் பால் பிராண்ட் அங்கே வளர்த்தார். இடம் மாறிய தசைக்குப் புதிய வேலையைக் கற்பித்தாலன்றி அவ்வறுவை பயன் தராது; அதனைக் கற்பித்தவர்கள் இயன்முறைச் சிகிச்சையாளரே. அக்கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ், 1954-இல் நேர்ந்த வாகன விபத்தில் தண்டுவடம் முறிந்து கால்கள் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே அறுவைச் சிகிச்சை செய்தார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி அத்துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் தொடங்கப்பெற்றது. பெங்களூரிலேயே 1959-இல் என். எஸ். ஹேமா தொடங்கிய அசோசியேஷன் ஆப் பீப்பிள் வித் டிஸபிலிட்டி என்னும் தொண்டு நிறுவனமும் உடற்குறையுடையோர்க்குப் பணியாற்றி வருகின்றது.

சிகிச்சையை வீட்டிற்கே கொண்டுசெல்லும் முயற்சியாக, தமிழ்நாட்டு அரசு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தை 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கியது. படுக்கையில் உள்ளோர்க்கு வீடு தேடி இயன்முறைச் சிகிச்சை அளித்தல் அதன் பகுதிகளுள் ஒன்று. இத்தொழிலுக்குரிய கல்வியையும் பதிவையும் முறைப்படுத்தும் மத்தியச் சட்டமும் அதே 2021-இல் இயற்றப்பட்டது. பெயர்ப்பலகையை மட்டும் நம்பாமல், பட்டம் பெற்றவரா என்று கேட்டறிதல் நோயாளியின் உரிமை.

அபாயக் குறிகள்

எல்லா வலிக்கும் இயக்கம் மருந்தாகாது. கீழ்க்காணும் குறிகளுள் ஒன்றேனும் இருப்பின், பயிற்சியைப் பற்றிப் பேசுவதற்கு முன் மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும்:

இடுப்பு வலியோடு சிறுநீர் அல்லது மலம் கட்டுக்கடங்காமை, சிறுநீர் கழிக்க இயலாமை, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போதல், கால்கள் வரவர வலுவிழத்தல். இவை அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய குறிகள்.

முதுகு வலியோடு காய்ச்சல், எடை குறைதல், இரவில் மிகும் வலி, முதுகெலும்பில் புடைப்பு. முதுகெலும்பில் காசநோய் இவ்வாறு தோன்றுதல் நம் நாட்டில் அரிதன்று.

புற்றுநோய் வந்து சிகிச்சை பெற்றவர்க்குப் புதிதாகத் தோன்றும் எலும்பு வலி. முதியவர் விழுந்தபின் காலூன்ற இயலாமை.

நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவற்றோடு இடது தோளிலோ கையிலோ தோன்றும் வலி. இதனை ‘வாயு’ என்று தேய்த்துக்கொண்டிருத்தல் உயிரைப் போக்கும்.

முகம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியன திடீரெனத் தோன்றுதல்.

மூட்டு ஒன்று சிவந்து வீங்கிக் காய்ச்சலோடு கொதித்தல். குழந்தை காய்ச்சலோடு நொண்டுதல். ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென வீங்குதல்.

களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கன

வீடுகளுக்குச் செல்லும் களப்பணியாளர், ‘எங்கே வலிக்கிறது?’ என்பதோடு நில்லாமல், ‘வலியினால் எந்த வேலையை விட்டீர்கள்?’ என்றும் வினவுதல் வேண்டும். தாமாக எழ இயலாதவர், வீட்டைவிட்டு வெளிவராத முதியவர், மாவுக்கட்டுப் பிரித்தும் கையைப் பயன்படுத்தாதவர், பக்கவாதத்திற்குப் பின் படுக்கையிலேயே இருப்பவர் ஆகியோரைக் குறிப்பேட்டில் பதிந்துகொள்க. மர்பி டவுன் மக்களுக்குச் சிவாஜி நகரிலுள்ள பௌரிங் மருத்துவமனையும், இந்திரா நகரிலுள்ள சர் சி. வி. ராமன் பொது மருத்துவமனையும் அணித்தேயுள்ள அரசு மருத்துவமனைகள். நோயாளியை அனுப்பும்பொழுது, வலி தொடங்கிய நாள், செய்யும் தொழில், நீரிழிவு போன்ற நோய்கள், உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதியனுப்பினால் மருத்துவரின் நேரம் மிச்சமாகும். மருந்துக் கடையில் தாமாகவே வலிமாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவோரை எச்சரித்தல் வேண்டும். அம்மாத்திரைகளுள் பல இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கவல்லவை.

ஆசிரியர்களின் பணி, வலி தோன்றுவதற்கு முன்பே தொடங்குகின்றது. ஐந்து முதல் பதினேழு வயதுள்ள பிள்ளைகள் நாள்தோறும் சராசரி அறுபது நிமிடங்களேனும் ஓடியாடி விளையாடல் வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆகவே, விளையாட்டு வகுப்பைக் கணக்குப் பாடத்திற்காகப் பறித்துக்கொள்ளுதல் நன்றன்று. பள்ளிப் பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கிற்கு மேற்படலாகாது என்று மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டுக் கொள்கை கூறுகின்றது. முப்பது கிலோ எடையுள்ள சிறுமிக்கு மூன்று கிலோ பை என்பது கணக்கு. பள்ளித் தராசிலேயே இதனை மாணவர்களைக்கொண்டு நிறுத்துப் பார்க்கச் செய்யலாம். நடையில் மாறுபாடு, ஒரு தோள் தாழ்ந்திருத்தல், ஒரு கையையே பயன்படுத்துதல் ஆகியவற்றைப் பெற்றோரினும் முன்னதாக ஆசிரியர் காணக்கூடும். கண்டால், பிறர் முன் சுட்டாமல் பெற்றோரிடம் கூறுதல் முறை.

பெரியோர்க்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலியக்கம் தேவை. ‘நாள் முழுதும் உழைக்கும் எனக்குப் பயிற்சி எதற்கு?’ எனத் தொழிலாளி கேட்பது நியாயமே. உழைப்பு ஒரே தசைகளை ஒரே வகையில் மீண்டும் மீண்டும் வருத்துகின்றது. பயிற்சியோ தளர்ந்தவற்றை வலுப்படுத்தி, இறுகியவற்றை நெகிழ்த்துகின்றது. தையற்காரர் அரைமணிக்கொருமுறை எழுந்து தோள்களைப் பின்னுக்குச் சுழற்றுவதும், குனிந்து பெருக்குபவர் இடையிடையே நிமிர்ந்து பின்வளைவதும் சில விநாடிகளே கொள்ளும். நீண்ட பிடியுள்ள துடைப்பம் ஒன்று பல மாத்திரைகளுக்கு ஈடாகலாம்.

வலி உற்றவரிடம் நாம் கூறத்தக்க சொற்கள் சிலவே. அபாயக் குறிகள் இல்லையேல் அஞ்ச வேண்டாம். முற்றும் படுத்துவிட வேண்டாம். இயன்ற அளவு இன்றே அசையுங்கள். நாளை சிறிது கூட்டுங்கள். இரண்டு மூன்று வாரங்களில் தேறாவிடில் மருத்துவரையும் சிகிச்சையாளரையும் நாடுங்கள். இச்சொற்களை உரிய வாரத்தில், உரிய வீட்டில் சொல்லுதல் ஒரு குடும்பத்தின் வருவாயைக் காக்கும் பணியாகும்.